மலையில் ஒரு துறைமுகம்

அன்புள்ள ஐயா,

பந்தலூர் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து பிளாஸ்டிக் கிட் வாங்கிக் கப்பல் மாதிரிகள் செய்து வருகிறேன். எல்லாம் இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்க்கப்பல்கள், 1:350 அளவில், அதாவது நிஜக் கப்பலின் 350-ல் ஒரு பங்காக. மரத்தில் வள்ளம் செய்வது பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் படகு கட்டுகிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

என் அப்பாயி 1979-ல் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தாயகம் திரும்பியவர். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தார்கள். அப்பாயி இன்றும் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுவார். ‘ராமானுஜம்’ என்று பெயரையும் சொல்வார். அவர் இருக்கும்போதே அந்தத் துறைமுகத்தை ஒரு டயோரமாவாக, அதாவது ஒரு காட்சியையே சிறிதாக்கிக் காட்டும் மாதிரியாகச் செய்து அவர் முன்னால் வைக்க வேண்டும் என்று ஆசை. பின்னணியில் பாம்பன் பாலமும் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

என்னுடைய மற்ற கப்பல்களோடு சேர்த்து வைக்க 1:350-லேயே செய்யலாமா? கப்பலின் வரைபடம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடல்நீரை எப்படிச் செய்வது? எங்கள் ஊர் மழையில் பெயின்ட் வெள்ளை பூத்துவிடுகிறது. பசை காய மறுக்கிறது. வெளிநாட்டு கிட்டுகளின் விலையும் கட்டுப்படியாகவில்லை. வீட்டில், “கல்யாணமாகிக் குழந்தையும் வந்துவிட்டது, இன்னும் பொம்மைக் கப்பலா?” என்கிறார்கள். இது வெறும் விளையாட்டுதானா?

அன்புடன்,
ஒரு வாசகர், பந்தலூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைமுகத்தை 1:350-ல் செய்யாதீர்கள்.

அந்த அளவில் உங்கள் அப்பாயியின் உயரம் நாலரை மில்லிமீட்டர்கூட வராது. ஒரு சீரகச் சம்பா அரிசிதான். போர்க்கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் அப்படி இருப்பதில் குறையில்லை. அங்கே பார்க்க வேண்டியது கப்பல். மனிதர்கள் அதன் பருமனைக் காட்டுவதற்காக நிற்கிறார்கள். நீங்கள் செய்ய நினைப்பதில் பார்க்க வேண்டியவர்களே அந்த மனிதர்கள்தான். இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை, பின்னால் வரும் பையன் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்ற பதற்றம். இதெல்லாம் அவர்கள் நிற்கிற நிலையிலேயே தெரிய வேண்டும். 1:72-ல் ஐந்தடிப் பெண் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருப்பார். 1:48-ல் மூன்றுக்குச் சற்று மேல். 1:35-ல் நாலுக்கும் மேல். 1:35 கண்ணுக்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் ஜெட்டியின், அதாவது கப்பல் ஒதுங்கும் மேடையின், ஒரு மூலையை வைப்பதற்குள் மேஜை தீர்ந்துவிடும். 1:48-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 60-க்கு 40 செ.மீ. பலகையில் ஏறத்தாழ 29 மீட்டருக்கு 19 மீட்டர் இடம் கிடைக்கும். ஒரு கூட்டம் நிற்கவும் நகரவும் அது போதும்.

அந்த இடத்தில் கப்பல் எப்படி அடங்கும் என்று கேட்பீர்கள். முழுக் கப்பல் வேண்டாம். பலகையின் ஓரத்தோடு கப்பலை வெட்டிவிடுங்கள். பக்கச் சுவரில் ஒரு துண்டு, அதில் இரண்டு மூன்று வட்ட ஜன்னல், பயணிகள் இறங்கும் படி, மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்கும் சிலர். அவ்வளவுதான். இறங்கி வருகிறவர்களுக்கும் கப்பல் அப்படித்தான் தெரிந்திருக்கும், பக்கத்தில் நிற்கும் ஓர் இரும்புச் சுவராக. தூரத்தில் நின்று முழுக் கப்பலையும் பார்த்தவர்கள் வேறு யாரோ. வரைபடம் கிடைக்காத உங்கள் கவலையும் இதில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வரைபடம் இல்லாமல் முழுக் கப்பலைச் செய்தால் புகைபோக்கியின் சாய்வு, உயிர்காப்புப் படகுகளின் எண்ணிக்கை, கப்பல் ஓட்டும் அறையின் ஜன்னல் எல்லாவற்றையும் நீங்களே கற்பனை செய்ய வேண்டியிருக்கும். பார்க்கிறவர்கள் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்கள். தெரிந்ததை மட்டும் செய்யுங்கள். தெரியாதது பலகையின் விளிம்புக்கு அப்பால் இருக்கட்டும். இந்தப் பொழுதுபோக்கில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பாம்பன் பாலத்தை விட்டுவிடுங்கள். ஆசை எனக்குப் புரிகிறது. 1914-ல் திறந்த பழைய பாலம், கப்பல் போக இரண்டு கையாகத் தூக்கிக்கொண்ட அந்த இரும்பு நடுப்பகுதி, யாருக்குத்தான் செய்யத் தோன்றாது? ஆனால் ராமேஸ்வரம் ஊருக்கும் பாம்பனுக்கும் நடுவில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இறங்கிய இடத்துக்குப் பின்னால் பாலத்தை வைத்தால், அந்த வழி வந்த ஒருவர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். முதலில் பார்க்கப்போவது உங்கள் அப்பாயி.

பழைய புகைப்படங்களைத் தேடும்போதும் ஓர் எச்சரிக்கை. இந்தக் கப்பல் போக்குவரத்து என்று தேடினால் தனுஷ்கோடிப் படங்களும் சேர்ந்து வரும். 1914-லிருந்து ரயில் தனுஷ்கோடித் துறை வரை போய் நின்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் அந்த ஊரே போய்விட்டது. பிறகுதான் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1979-ல் வந்தவர் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க முடியாது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எந்த ஊர், எந்த ஆண்டு என்று உறுதியாகாமல் அதைப் பார்த்து ஒரு தூணைக்கூடச் செய்யாதீர்கள்.

உங்களிடம் இருக்கும் உண்மையான வரைபடம் அப்பாயிதான். நூலகத்தில் தேடும் நேரத்தை அவரோடு உட்காருவதில் செலவிடுங்கள். “கப்பல் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “பெரிசா இருந்தது” என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். கையும் காலும் செய்ததைக் கேளுங்கள். கப்பலிலிருந்து நேரே ஜெட்டியில் கால் வைத்தீர்களா, இல்லை சிறு படகில் இறங்கிக் கரைக்கு வந்தீர்களா? படியில் இறங்கும்போது எந்தக் கையால் கம்பியைப் பிடித்தீர்கள்? அப்பா நடந்தாரா, யாராவது தூக்கிக்கொண்டார்களா? பெட்டி தகரமா, மரமா? என்ன நிறம்? அதில் பெயர் எழுதியிருந்ததா? வெயிலா, மூட்டமா? காலுக்குக் கீழே பலகையா, சிமென்ட்டா, மணலா? செருப்பு போட்டிருந்தீர்களா? யார் முதலில் நிறுத்தி விசாரித்தது, காகிதங்களை யார் வைத்திருந்தார்? என்ன சாப்பிட்டீர்கள்? ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள். ஒருநாள் கேட்டதை மறுநாள் சும்மா அட்டையில் வெட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தவறாக இருந்தால் கையை வைத்து நகர்த்திவிடுவார். அப்படி நகர்த்துவதில் கிடைக்கும் விவரம் பேச்சில் கிடைக்காது.

இன்னொன்றையும் கேளுங்கள். ராமேஸ்வரத்தில் இறங்கியதைப் பற்றி அதிகம் பேசுகிறாரா, தலைமன்னாரில் ஏறியதைப் பற்றியா? கண்டியில் உறவுகளை விட்டுவிட்டுக் கோச்சி ஏறியவர்கள் அந்த ரயில் தலைமன்னார்த் துறை வரை வந்ததையும், கப்பலைக் கண்டதும் கூட்டத்தில் எழுந்த அழுகையையும்தான் முதலில் சொல்வார்கள். என் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைனில் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாயியின் பேச்சும் அங்கேதான் நிற்கிறது என்றால், ராமேஸ்வரத்தை விட்டுவிட்டுத் தலைமன்னார்த் துறையைச் செய்யுங்கள். ரயில் பெட்டி ஒரு பக்கம், கப்பலின் சுவர் மறு பக்கம், நடுவில் மனிதர்கள். டயோரமாவுக்கு அது இன்னும் பொருத்தமான இடம்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமானது. பந்தலூர், கூடலூர், குன்னூர், கோத்தகிரி பக்கங்களில் எத்தனை லைன் வீடுகளில் அந்தக் கப்பலில் வந்தவர்கள் இருக்கிறார்கள்! 1980களின் தொடக்கத்தில் கப்பல் நின்றுபோனது. அன்று முப்பது வயதில் வந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இறங்கிய இடம் எப்படி இருந்தது, எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை மூன்று பரிமாணத்தில் ஒருவர் செய்து வைப்பதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

மாதிரி செய்வது ஆவணப்படுத்துகிற வேலை என்பதற்கு நம் கரையிலேயே பழைய சான்று உண்டு. எட்மோன் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1830-ஐ ஒட்டிப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்தார். கட்டுமரத்தையும், ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகையும், தோணியையும் அளந்து வரைந்துகொண்டு போனார். துறைமுகம் இல்லாத அன்றைய சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்தவை அந்த மசூலாப் படகுகள்தான். விலாச் சட்டமே கிடையாது. தென்னங்கயிறு தைத்த பலகைகள் அலை மோதும்போது நெளிந்து கொடுக்கும். பாரிஸ் பின்னாளில் பிரான்சின் கடற்படை அருங்காட்சியகத்துக்குத் தலைவரானார். தன் வரைபடங்களை வைத்து மாதிரிகள் செய்வித்தார். தொண்ணூறு ஆண்டு கழித்து சென்னை மாகாண மீன்வளத் துறையிலிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் அதே படகுகளை மறுபடி ஆராய்ந்து எழுதினார். இன்று மசூலாவைக் காண்பதே அரிது. கட்டுமரமும் 2004 சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகுகளுக்கு வேகமாக இடம் விட்டுவிட்டது. படகு கட்டும் ஓடாவிகள் காகிதத்தில் வரைகிற வழக்கமில்லை. அவர்கள் கண்ணும் கையும்தான் கணக்கு. அன்று ஒருவர் அளந்ததால்தான் அந்தப் படகுகளின் வளைவு இன்று நமக்குத் தெரிகிறது.

இனி வேலைக்கு வருவோம். மனிதர்களிலிருந்து தொடங்குங்கள், கடைசியில் செய்யலாம் என்று தள்ளிவைத்தால் கைக்குச் சலிப்பு வந்திருக்கும். கடையில் விற்கும் 1:48 உருவங்கள் பெரும்பாலும் விமானிகளும் சிப்பாய்களும்தான். கோட்டுப் போட்டவனுக்குச் சேலை கட்ட முடியாது. நீங்களே செய்ய வேண்டும்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மீதிச் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கனம் போதும். ஐந்தடிப் பெண்ணுக்கு 32 மில்லிமீட்டர். அதில் தலை நாலரை. கம்பியை மடித்து இரண்டு காலும் முதுகும், குறுக்கே ஒரு கம்பியில் இரண்டு கையும் முறுக்கிக்கொள்ளுங்கள். உடம்பு பிடிக்க எம்-சீல் பசைமாவைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கம்பி நிற்கிற விதத்தில் உயிர் வந்துவிட வேண்டும். இடது இடுப்பில் குழந்தை என்றால் இடுப்பு இடப்பக்கம் தள்ளும், மேலுடம்பு வலப்பக்கம் சாயும், வலத்தோள் இறங்கும். தலையில் பாரம் என்றால் கழுத்தும் முதுகும் நேர்க்கோடு. கண்கள் மட்டும் தரையைத் தேடும். இதைப் படத்தில் தேடவே வேண்டாம். உங்கள் தொழிற்சாலைக்குப் பச்சைக் கொழுந்து மூட்டை வரும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள்.

பிறகு எம்-சீலைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு தவணையில். முதல் நாள் உடம்பு மட்டும். இறுகியபின் மறுநாள் முகமும் கையும். நனைத்த ஊசியால் தடவினால் ஒட்டாது. சேலைக்கு டிஷ்யூ தாளின் ஓர் அடுக்கைப் பிரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, கொசுவத்தை முதலில் தனியாக மடித்து இடுப்பில் ஒட்டி, அதற்குப் பிறகு சுற்றிக்கொண்டு வந்து முந்தானையைத் தோளில் போடுங்கள். உண்மையில் உடுத்துகிற வரிசைக்கு இது தலைகீழ்தான். ஆனால் இந்த அளவில் கொசுவம் நன்றாக விழ இதுதான் வழி. தாளின் கனம் நூற்றில் மூன்று பங்கு மில்லிமீட்டர் என்றாலும் 48-ஆல் பெருக்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் துணியாகிவிடும், அதாவது ஜமுக்காளம். அதனால் ஓர் அடுக்குக்கு மேல் போகாதீர்கள். நிறத்தை டப்பாவிலிருந்து அப்படியே எடுக்காமல் துளி வெள்ளையோ சாம்பலோ கலந்து மட்டுப்படுத்துங்கள். சிறிய பொருளில் முழு நிறம் பொம்மைத்தனமாகத் தெரியும். முழுக் கறுப்பைத் தொடவே வேண்டாம்.

முப்பது நாற்பது உருவம் தேவைப்படும். மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

நீர். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் வாங்கத் தோன்றும். மலையில் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. குளிரில் இறுக நாளாகும், ஈரக் காற்றில் மேலே பிசுபிசுப்பான படலம் கட்டும், அவசரப்பட்டுக் கனமாக ஊற்றினால் உள்ளே சூடேறி விரிசல் விடும். பலகையின் மேல் டிஷ்யூவைப் பரப்பி ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து, தூரிகையால் குத்திக் குத்தி அலையை எழுப்பிக் காயவிடுங்கள். ஜெட்டியோரத்தில் கால் மீட்டர் அலை என்றால் உங்கள் பலகையில் ஐந்து மில்லிமீட்டர். அதற்கு மேல் எழுப்பினால் புயலாகிவிடும். காய்ந்தபின் நிறம். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு; மணல் கீழே இருப்பதால் கரையோரத்தில் வெளிறிய பச்சை, தள்ளிப் போகப் போக அடர்ந்த பச்சை. நீலத்தைக் கையில் எடுக்காதீர்கள். நிறத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ், மெல்லிசாகப் பல பூச்சு.

அலை எந்த மாதிரி என்பதும் அவர்கள் வந்த மாதத்தைப் பொறுத்தது. ராமேஸ்வரத்து மீனவர்கள் வடக்கே இருக்கும் பாக் நீரிணைக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது பெண் கடல் அடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றில் நிலைமை மாறிவிடும். தலைமன்னார்க் கப்பல் வந்தது பெண் கடல் வழியாக. வைகாசியில் வந்தார்களா, மார்கழியில் வந்தார்களா என்று தெரிந்தால் தூரிகையால் எவ்வளவு குத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஜெட்டியின் தூண்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்துத் துறைமுகங்களைச் செய்கிறவர்கள் சுவரில் பெரிய உயரத்துக்குப் பாசி பூசுவார்கள், நீண்ட இரும்பு ஏணி வைப்பார்கள். அங்கே ஓதத்தில் கடல்மட்டம் ஐந்து மீட்டர் ஏறி இறங்கும் இடங்கள் உண்டு; 1:48-ல் அது பத்து சென்டிமீட்டர். நம் தென்கோடிக் கரையில் ஓதம் ஒரு மீட்டரைத் தொடுவதே இல்லை. உங்கள் தூணில் நனைந்து கறுத்த பட்டை ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதற்குள்ளேயே மூன்று அடுக்கு: அடியில் எப்போதும் நனைந்த கரும்பச்சை, நடுவில் சிப்பி ஒட்டிய சொரசொரப்பு, மேலே உப்புக் காய்ந்த வெளிறல். சொரசொரப்புக்கு முட்டை ஓட்டுத் தூளைப் பசையில் தெளித்தால் போதும். இந்த ஒன்றரை சென்டிமீட்டரைச் சரியாகச் செய்துவிட்டால், கடலோரத்தில் வளர்ந்த ஒருவர் எதனால் என்று சொல்லத் தெரியாமலே “இது நம்ம ஊரு” என்பார்.

கயிறுகளுக்குப் பருத்தி நூல் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து விறைக்கும், பனி வெயிலில் தொய்யும். பாலியெஸ்டர் நூலை மூன்றாகத் திரித்து, உள்ளே ஒரு மெல்லிய செம்பு இழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பலைக் கட்டும் கயிறு தன் கனத்தால் நடுவில் தொங்கும். நூலுக்கு அந்தக் கனம் இல்லை, கம்பி இழைதான் அதை வளைத்து வைக்கும்.

மழையைப் பற்றிப் புலம்பியிருக்கிறீர்கள். உங்கள் பந்தலூர், தேவாலாப் பக்கத்துக்கு ஆனி, ஆடி மழை; எங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. அதற்குத் தகுந்த மாதிரி வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் வெள்ளை பூப்பது, அதிலிருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால்தான். உடனே ஒட்டும் பசை மூட்டத்தில் வெள்ளைப் புகை விடுவதும் ஈரத்தால்தான். ஃபெவிகால் வகைப் பசைகள் மார்கழிக் குளிரில் இறுகாமல் சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஆக, ஆடி மாதத்தில் கம்பி முறுக்குங்கள், எம்-சீல் செதுக்குங்கள், மரம் அறுங்கள், அப்பாயியிடம் கதை கேளுங்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரை ஒட்டுவதும் பூசுவதும்.

கிட்டுக்குச் செலவழிக்கவே வேண்டாம். உங்கள் தொழிற்சாலைக் கிடங்கில் பழைய பிளைவுட் தேயிலைப் பெட்டிகள் கிடந்தால் அடிப்பலகைக்கும் கப்பல் சுவரின் உட்சட்டத்துக்கும் அதுவே போதும். ஜெட்டிப் பலகைக்குச் சில்வர் ஓக் சுலபமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அதன் மினுமினுக்கும் பட்டை ரேகை மிகப் பெரியது. 1:48-ல் ஒவ்வொரு பலகையும் கையகல ரேகையோடு தெரியும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் காய்ப்பு ஓய்ந்து வெட்டிப்போடும் பேரிக்காய் மரத்தைக் கேளுங்கள். இழை நெருக்கமானது, துளை கண்ணுக்கே தெரியாது, ஒரு மில்லிமீட்டர் சட்டத்தின் ஓரம்கூட உதிராமல் நிற்கும். உலகமெங்கும் கப்பல் மாதிரி செய்கிறவர்கள் விலை கொடுத்துத் தேடும் மரம் அது. நம்மிடம் அடுப்புக்குப் போகிறது. பச்சையாக வாங்கினால் வெட்டுமுனை இரண்டிலும் மெழுகு தடவி, காற்றோட்டமான பரணில் ஓர் ஆண்டு போட்டு வையுங்கள். தூள் மூன்று சதவீத ஈரத்தில் டிரையரை விட்டு வருவதைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். மரத்தையும் அங்கே வைக்கத் தோன்றும். டிரையருக்குப் பக்கத்தில் வேண்டாம், பிளந்துவிடும். அதே கட்டடத்தின் மாடியில் ஒரு மூலை போதும்.

செய்து முடித்தபின் நாற்காலியில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்துக்குப் பலகையை வையுங்கள். மேஜை மேல் வைத்தால் அந்தக் கூட்டத்தை மேலிருந்து பார்ப்போம். அப்பாயி அதற்குள் நின்றவர்.

கடைசியாக ஒன்று. இதைத் தொடங்குவதற்கு முன் கையால் தொட்டு அளக்கக்கூடிய ஒரு படகை, ஒரு சின்ன நாட்டுப்படகாவது, செய்து பாருங்கள். கிட்டில் பழகிய கைக்கு, எண்ணிட்ட பாகங்கள் இல்லாமல் ஒரு வளைவைத் தானே எடுக்கும் பழக்கம் வர வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். நீருக்கடியில் மறைந்திருக்கும் அடிப்பாகம், சுக்கான், புரொப்பெல்லர் எல்லாம் வெளியே நிற்கும். ஓடாவிகள் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டிருப்பார்கள். நின்று கேட்டால் சொல்வார்கள். நம் மலையில் சீசன் கூட்டம் நெரியும் மாதமும் அதுதான். நான் மே முதல் வாரம் ராமேஸ்வரம் போகிறேன். லீவு கிடைத்தால் வாருங்கள். டேப், தூக்குக்குண்டு, வளைவைப் பதிந்தெடுக்கத் தடித்த அட்டை, கத்தரிக்கோல் இவை போதும். உங்கள் அப்பாவும் வர முடியுமென்றால் அவரையும் அழைத்து வாருங்கள். பத்து வயதில் எந்த இடத்தில் இறங்கினார் என்று அங்கே நின்று அவரிடமே கேட்கலாம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து